சம்பளத்தில் பிடித்த வரியை முதலாளி கட்டினாரா? கனடாவில் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு

கனடா வந்து முதல் வேலை கிடைத்து, முதல் சம்பளம் பாங்கில் விழுந்த அன்று எல்லோரும் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மணிக்கு இவ்வளவு, இத்தனை மணித்தியாலம், அப்படியென்றால் இவ்வளவு வரவேண்டும். வந்திருப்பது அதைவிடக் குறைவு. பக்கத்தில் நின்று வேலை செய்பவரைக் கேட்டால் "அது ராக்ஸ் பிடிச்சது" என்பார். சரி என்று விட்டுவிடுவோம். பிடித்த காசு உண்மையிலேயே அரசாங்கத்துக்குப் போகிறதா என்று அப்போது யாரும் கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை.

நான் வேலை செய்த களஞ்சியசாலையை ஒரு ஜனவரி மாதம் பூட்டிவிட்டார்கள். திங்கட்கிழமை காலை போனால் கதவில் சங்கிலி. ஆண்டு முழுதும் தந்த சம்பளத்தையும் பிடித்த வரியையும் எழுதி முதலாளி தரும் ரி4 என்ற சீட்டு, பெப்ரவரி முடிந்தும் வரவில்லை. முதலாளியின் போன் வேலை செய்யவில்லை. கூட வேலை செய்த ஒருவர், "அவர் ஒரு வருசமா ஒண்டும் கட்டேல்லையாம்" என்றார். பதினொரு மாதம் என் சம்பளத்தில் பிடித்த வரியை நான்தான் திரும்பவும் கட்டவேண்டும் என்று நினைத்து நித்திரை கொள்ளாமல் கிடந்தேன். அது தேவையில்லாத பயம் என்று பிறகுதான் விளங்கியது. அந்தப் பயம் உங்களுக்கு வேண்டாம் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் சம்பளத்தில் வரி என்று பிடித்த காசு, பிடித்த அன்றே நீங்கள் கட்டிய வரிதான். முதலாளி அதை அரசாங்கத்துக்காகப் பொறுப்பாக வைத்திருக்கிறார், அவ்வளவுதான். கனடாவின் வருமான வரிச் சட்டமும் அதை நம்பிக்கைப் பொறுப்பில் இருக்கும் பணம் என்றே சொல்கிறது. அதை அவர் அனுப்பாமல் விட்டால் கடன்காரர் அவர். நாங்கள் எல்லோரும் சி.ஆர்.ஏ. என்று சொல்லும் கனடா வருமான வரித்துறை அதை அவரிடம்தான் அறவிடவேண்டும், உங்களிடம் அல்ல.

ஆனால் இதற்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. காசு பிடிக்கப்பட்டது என்பதை நீங்கள் காட்டவேண்டும். பிடித்துவிட்டுக் கட்டாமல் விடுவது ஒன்று, பிடிக்கவே இல்லை என்பது இன்னொன்று. வெளியிலிருந்து பார்க்க இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். முதலாவதில் நீங்கள் தப்பிவிடுவீர்கள். இரண்டாவதில் அந்த வரி உங்கள் தலையில்தான்.

சம்பளச் சீட்டை ஒருமுறை முழுதாக வாசியுங்கள்

பே ஸ்ரப் என்று எல்லோரும் சொல்லும் சம்பளச் சீட்டைப் பலர் கடைசித் தொகையைப் பார்த்ததோடு மூடிவிடுவார்கள். ஒருமுறை பொறுமையாக வாசிப்போம். 2025இல் ஒன்ராறியோவில் மணிக்கு 18 டொலருக்கு, இரண்டு கிழமையில் 80 மணித்தியாலம் வேலை செய்த ஒருவருடைய சீட்டு என்று வையுங்கள். மொத்தச் சம்பளம் 1,440 டொலர்.

அதில் சி.பி.பி. என்ற ஓய்வூதியப் பங்கு 77.67 டொலர். இது 5.95 சதவீதம். ஆனால் ஆண்டுக்கு முதல் 3,500 டொலருக்குப் பிடிக்க மாட்டார்கள். அதனால் அந்த 3,500ஐ 26 சம்பளத்துக்குப் பிரித்து, ஒவ்வொரு முறையும் 134.61 டொலரைக் கழித்துவிட்டு மிச்சத்துக்குத்தான் கணக்குப் போடுவார்கள். அடுத்தது ஈ.ஐ. என்ற வேலையிழப்புக் காப்புறுதி, 1.64 சதவீதம், 23.62 டொலர். பிறகு வருமான வரி, மத்திய அரசுக்கும் மாகாணத்துக்கும் சேர்த்து 150 டொலர் சொச்சம். கையில் வருவது 1,190 டொலருக்குக் கிட்ட.

இந்த மூன்று தொகைகளும் உங்கள் சீட்டில் தனித்தனியாக இருக்கவேண்டும். "டிடக்ஷன்ஸ்" என்று ஒரே தொகையாக எழுதியிருந்தால் கேளுங்கள். ஒன்ராறியோவின் வேலைத்தரச் சட்டப்படி, சம்பள நாளன்று அல்லது அதற்கு முன்னர், எந்தக் காலத்துக்கான சம்பளம், மணிக்கு எவ்வளவு, மொத்தம் எவ்வளவு, எதற்காக எவ்வளவு பிடித்தது, கையில் எவ்வளவு என்று எழுத்தில் தரவேண்டியது முதலாளியின் கடமை. மின்னஞ்சலில் தந்தாலும் சரிதான்.

சீட்டில் தெரியாத ஒன்றும் இருக்கிறது. உங்கள் சி.பி.பி.க்குச் சமமாக முதலாளியும் 77.67 போடவேண்டும். ஈ.ஐ.க்கு உங்களுடையதைப்போல 1.4 மடங்கு, அதாவது 33 டொலர். உங்களிடம் பிடித்ததையும் அவருடைய பங்கையும் சேர்த்தால் ஒரு சம்பளத்துக்கு, ஒரு ஆளுக்கு, ஏறத்தாழ 360 டொலர் அவர் சி.ஆர்.ஏ.க்கு அனுப்பவேண்டும். இருபது பேர் வேலை செய்யும் இடம் என்றால் ஒவ்வொரு இரண்டு கிழமைக்கும் ஏழாயிரம் டொலருக்கு மேல்.

சிறிய கொம்பனிகள் எப்படிச் சறுக்குகின்றன என்பதும் இங்கேதான் விளங்கும். அந்த ஏழாயிரம் அடுத்த மாதம் 15ஆம் திகதிவரை முதலாளியின் பாங்கில் கிடக்கும். பெரும்பாலான முதலாளிகளுக்கு அதுதான் கடைசி நாள். மிகச் சிறிய இடங்களுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை. இதற்கிடையில் கட்டட வாடகை வரும், லொறிக்காரன் கத்துவான், சரக்குக் கொடுத்தவன் கதவைத் தட்டுவான். சி.ஆர்.ஏ. உடனே கதவைத் தட்டாது. "இந்த மாதம் மட்டும்" என்று எடுத்துப் பாவிப்பார். அடுத்த மாதமும் அதேதான். எல்லோரும் திட்டம்போட்டுத் திருடுபவர்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் உங்களுக்கு அதில் ஒரு வித்தியாசமும் இல்லை.

சந்தேகப்பட என்ன காரணம் வேண்டும்?

சம்பளக் காசோலை ஒருமுறை திரும்பி வந்தால் அது போதும், நான் அன்றிலிருந்தே கவனிக்கத் தொடங்குவேன். சம்பளம் கொடுக்கக் காசில்லாதவர் வரியை ஒழுங்காக அனுப்புகிறார் என்று நம்ப முடியாது.

சீட்டே தராமல் ஈ-ட்ரான்ஸ்ஃபர் மட்டும் அனுப்புவது, அதுவும் 1,000, 1,200 என்று வட்டமான தொகையாக அனுப்புவது நல்ல அடையாளம் இல்லை. வரி பிடித்த சம்பளம் ஒருநாளும் வட்டமாக வராது. சீட்டில் ஒரு கொம்பனியின் பெயரும் காசோலையில் இன்னொரு கொம்பனியின் பெயரும் இருப்பது, வருடத்தின் நடுவில் பெயர் மாறுவது, இவற்றையும் குறித்து வையுங்கள். ஏஜென்சி மூலம் ஃபக்ரரி வேலைக்குப் போகிறவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும். உங்கள் முதலாளி ஃபக்ரரியா ஏஜென்சியா என்பதை முதல் நாளே தெரிந்துகொள்ளுங்கள். சம்பளம் தருபவர்தான் ரி4உம் தரவேண்டும்.

அப்புறம் ரி4. முந்தைய ஆண்டுக்கான ரி4 பெப்ரவரி கடைசி நாளுக்குள் உங்களுக்கு வந்திருக்கவேண்டும். வந்ததும் உங்கள் கடைசிச் சம்பளச் சீட்டை எடுத்து, அதில் இருக்கும் ஆண்டு மொத்தத்தோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெட்டி 14 மொத்தச் சம்பளம், பெட்டி 16 சி.பி.பி., பெட்டி 18 ஈ.ஐ., பெட்டி 22 வருமான வரி. நான்கும் பொருந்தவேண்டும். ஒரு சின்ன விசயம்: கணக்கு, நீங்கள் வேலை செய்த நாளை வைத்து அல்ல, சம்பளம் தந்த நாளை வைத்துத்தான். டிசம்பர் கடைசிக் கிழமை வேலைக்கு ஜனவரியில் சம்பளம் வந்திருந்தால் அது அடுத்த ஆண்டு ரி4இல்தான் வரும். அதற்காக யாரோடும் சண்டைக்குப் போகவேண்டாம்.

இன்னொரு வீண் சண்டையும் உண்டு. இரண்டு இடத்தில் வேலை செய்பவர்கள் வேலைக்குச் சேரும்போது முதலாளிக்குக் கொடுக்கும் ரிடி1 படிவத்தில், இரண்டு இடத்திலும் அடிப்படைக் கழிவைக் (வரி பிடிக்காமல் விடும் முதல் தொகையை) கேட்டு எழுதிக் கொடுத்துவிடுவார்கள். 2025இல் மத்திய அரசின் அடிப்படைக் கழிவு 16,129 டொலர். அது ஒருவருக்கு ஒருமுறைதான். இரண்டு முதலாளிகளும் அதைக் கழித்துவிட்டு வரி பிடித்தால், ஏப்ரலில் நீங்கள் காசு கட்டவேண்டி வரும். "முதலாளி வரி கட்டவில்லை" என்று என்னிடம் வந்த சிலருடைய கதை கடைசியில் இதுவாகத்தான் இருந்தது. இரண்டாவது வேலையில் அந்தக் கழிவைக் கேட்காமல் விடுவதுதான் வழி.

உங்களால் எதைப் பார்க்க முடியும்

முதலாளி இந்த மாதம் காசு அனுப்பினாரா என்று சி.ஆர்.ஏ.யைக் கேட்டால் சொல்ல மாட்டார்கள். அது அவருடைய இரகசியக் கணக்கு. நீங்கள் பார்க்கக்கூடியது உங்கள் பக்கத்தை மட்டும்தான்.

சி.ஆர்.ஏ.யின் மை எக்கவுண்ட் என்ற இணையக் கணக்கில், முதலாளி அனுப்பிய ரி4 இருக்கும். பொதுவாக ஒருமுறையாவது வருமான வரிக் கணக்குச் செய்து, அதைப் பார்த்து சி.ஆர்.ஏ. அனுப்பும் மதிப்பீட்டு அறிவித்தல் வந்தபிறகுதான் புதிதாக வந்தவர்கள் இதைத் திறப்பார்கள். ஈ.ஐ.யையும் பென்சனையும் பார்க்கும் சேவிஸ் கனடாவின் இணையக் கணக்கில் உங்கள் சி.பி.பி. பங்களிப்பு ஆண்டு வாரியாக இருக்கும். நீங்கள் முழு ஆண்டும் வேலை செய்த ஒரு ஆண்டுக்கு நேரே பூச்சியம் இருந்தால், அந்த ஆண்டுக்கு ரி4 போகவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். ஆண்டுக்கு ஒருமுறை அதைப் பாருங்கள். வயதானபிறகு பென்சன் எடுக்கும்போது, இருபது வருடத்துக்கு முந்தைய பூச்சியத்தைத் திருத்த ஓடித் திரிவதைவிட இது சுகம்.

ஒன்றைச் சொல்லவேண்டும். மை எக்கவுண்டில் ரி4 இருக்கிறது என்பதால் காசு போய்ச் சேர்ந்துவிட்டது என்று அர்த்தமில்லை. ரி4 அனுப்புவது வேறு, காசு அனுப்புவது வேறு. ஆனால் உங்களுக்கு அது பிரச்சினை இல்லை. ரி4 இல் பெட்டி 22இல் இருக்கும் தொகை உங்கள் கணக்கில் வரவாகிவிடும். மிச்சத்தை சி.ஆர்.ஏ.க்காரர் பார்த்துக்கொள்வார்கள். பார்த்துக்கொள்ளவும் தெரியும்: ஏழு நாளுக்கு மேல் பிந்தினால் 10 சதவீதம் தண்டம், வட்டி வேறு. கொம்பனியால் கட்ட முடியாவிட்டால் இயக்குநர்களின் சொந்தச் சொத்துவரை போகச் சட்டம் இடம் கொடுக்கிறது.

ஏப்ரல் வந்துவிட்டது, ரி4 இல்லை

முதலில் கேளுங்கள். முதலாளி எங்கள் ஆள் என்றால் கேட்கக் கூச்சமாக இருக்கும். ஊரில் தெரிந்தவர், வேலை எடுத்துக் கொடுத்தவர், கோயிலில் பார்ப்பவர். "அண்ணை, ரி4 இன்னும் வரேல்லை" என்று கேட்டால், "தம்பி, அதெல்லாம் கணக்காளர் பாக்கிறார், யோசிக்காத" என்று பதில் வரும். வாய்ப்பேச்சோடு விடாதீர்கள். அன்றிரவே ஒரு குறுஞ்செய்தி போடுங்கள்: "அண்ணை, இன்று ரி4 பற்றிக் கேட்டேன், இந்தக் கிழமைக்குள் தருவதாகச் சொன்னீர்கள், நன்றி." மரியாதை குறையாது, எழுத்தில் ஒரு சான்றும் கிடைத்துவிடும். கணக்காளரின் பெயரைக் கேட்டு அவருக்கும் எழுதலாம்.

அப்படியும் வராவிட்டால் சி.ஆர்.ஏ.க்கு 1-800-959-8281 என்ற இலக்கத்தில் போன் எடுங்கள். ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோதான் கதைப்பார்கள். மொழி வராவிட்டால் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எடுங்கள், அவர் உங்களுக்காகக் கதைக்க நீங்கள் சம்மதம் சொல்லவேண்டும். சின் நம்பர் என்ற சமூகக் காப்புறுதி இலக்கமும் பிறந்த திகதியும் கேட்பார்கள். எதிர்ப்பக்கம் இருந்து தாங்களாகவே போன் எடுத்து, "உன் முதலாளி வரி கட்டவில்லை, இப்போதே கிஃப்ட் கார்ட் வாங்கி நம்பரைச் சொல்லு, இல்லாவிட்டால் பொலிஸ் வரும்" என்றால் அது மோசடி. துண்டித்துவிடுங்கள்.

ரி4 வரவில்லை என்பதற்காக வரிக்கணக்கைத் தள்ளிப்போடாதீர்கள். ஏப்ரல் 30 கடைசி நாள். கட்டவேண்டிய வரி இருந்து பிந்தினால் அந்தத் தொகையில் 5 சதவீதமும், பிறகு ஒவ்வொரு முழு மாதத்துக்கும் 1 சதவீதமும், பன்னிரண்டு மாதம்வரை தண்டம் ஏறும். வரி ஒன்றும் இல்லாதவர்களுக்கும் நட்டம் உண்டு. பிள்ளைகளுக்கான கொடுப்பனவும் ஜி.எஸ்.ரி. கொடுப்பனவும் நீங்கள் கொடுக்கும் வரிக்கணக்கை வைத்துத்தான் கணிக்கப்படுகின்றன. கணக்குப் போகாவிட்டால் ஜூலையில் அவை நின்றுவிடும். பெற்றோரை ஸ்பொன்சர் செய்ய நினைப்பவர்களுக்கு மூன்று ஆண்டு மதிப்பீட்டு அறிவித்தல் வேண்டும். இடையில் ஒரு ஆண்டு ஓட்டையாக இருந்தால் அங்கே நிற்கும்.

எப்படிச் செய்வது? சம்பளச் சீட்டுகளைக் கூட்டிப் பெட்டிகளுக்கான தொகையை நீங்களே எடுங்கள். முதலாளியின் பெயர், முகவரி, என்ன வகை வருமானம், ரி4 பெற நீங்கள் என்னென்ன செய்தீர்கள் என்று ஒரு குறிப்பு எழுதுங்கள். காகிதத்தில் அனுப்பினால் சீட்டுகளின் கொப்பியோடு சேர்த்து அனுப்பவேண்டும். இணையத்தில் அனுப்பினால் எல்லாவற்றையும் பத்திரமாக வைத்திருங்கள், கேட்பார்கள். வருமானம் குறைந்தவர்களுக்குத் தொண்டர்கள் இலவசமாக வரிக்கணக்குச் செய்துகொடுக்கும் முகாம்கள் பெப்ரவரி, மார்ச்சில் நூலகங்களிலும் சமூக நிலையங்களிலும் நடக்கும். காசுக்கு ராக்ஸ் செய்து தருபவர் யாராவது "ரி4 இல்லையென்றால் அந்த வருமானத்தைப் போடவேண்டாம்" என்றால் எழுந்து வந்துவிடுங்கள். ரி4 பிறகு ஒருநாள் வந்து சேர்ந்தால் மறைத்த ஆள் நீங்கள் ஆகிவிடுவீர்கள்.

சி.ஆர்.ஏ. வரவு தர மறுத்தால் பயப்படவேண்டாம். மதிப்பீட்டு அறிவித்தலில் இருக்கும் திகதியிலிருந்து 90 நாளுக்குள், அல்லது அந்த ஆண்டுக்கான கணக்குக் கொடுக்கும் கடைசி நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள், இரண்டில் எது பிந்தியதோ அதற்குள் ஆட்சேபம் கொடுக்கலாம். சான்று உங்கள் சீட்டுகளும் பாங்க் கணக்கும்தான். 1,440க்கு வேலை செய்தவருக்கு 1,190 வந்து விழுந்திருக்கிறது என்றால், நடுவில் ஏதோ பிடித்திருக்கிறார்கள் என்பதைப் பாங்க் கணக்கே சொல்லும்.

கியூபெக்கில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அங்கே மாகாணத்துக்குத் தனி வரித்துறை, சி.பி.பி.க்குப் பதிலாக அவர்களுடைய ஓய்வூதியத் திட்டம், ரி4ஓடு ரெலவே 1 என்ற இன்னொரு சீட்டு. இரண்டையும் பார்க்கவேண்டும், இரண்டு இடத்திலும் கேட்கவேண்டும்.

பிடிக்கவே இல்லை என்றால்

இதுதான் எங்கள் ஆட்கள் அதிகம் மாட்டும் இடம். ஒன்று கைக்காசு. "வரி ஒண்டும் பிடிக்க மாட்டன், முழுக் காசும் தாறன்" என்பது கேட்க இனிக்கும். ஆனால் அந்த வருமானத்துக்கு வரி உங்கள் பெயரில் நிற்கிறது. ஈ.ஐ. மணித்தியாலம் பதிவாகாது. இடத்துக்கு இடம் 420 முதல் 700 மணித்தியாலம் காட்டினால்தான் வேலை போனால் ஈ.ஐ. கிடைக்கும். கைக்காசுக்கு வேலை செய்தவர் இரண்டு வருடம் முறிந்து உழைத்தாலும் பதிவில் காட்ட ஒன்றும் இல்லை.

இன்னொன்று கொஞ்சம் நாகரிகமானது. "நீ செல்ஃப் எம்ப்ளோய்ட், மாதம் ஒரு இன்வொய்ஸ் தா" என்பார்கள். வருட முடிவில் ரி4க்குப் பதில், ஊழியர் அல்லாதவருக்குத் தரும் ரி4ஏ என்ற சீட்டு வரும், அல்லது ஒன்றுமே வராது. எப்போது வரவேண்டும், எப்போது போகவேண்டும், எப்படிச் செய்யவேண்டும் என்று அவர் சொல்லி, அவருடைய கருவியில், அவருடைய இடத்தில் நீங்கள் வேலை செய்தால், பெயரை என்ன வைத்தாலும் நீங்கள் பெரும்பாலும் ஊழியர்தான். அதை முடிவுசெய்யச் சொல்லி சி.ஆர்.ஏ.யிடமே கேட்கலாம். சிபிரி1 என்ற படிவம், மை எக்கவுண்டிலும் செய்யலாம், கட்டணம் இல்லை. ஆனால் வேலை செய்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டு ஜூன் 29க்குள் கேட்கவேண்டும். ஊழியர்தான் என்று தீர்ப்பு வந்தால் சி.பி.பி., ஈ.ஐ. இரண்டையும் முதலாளியிடம் அறவிடுவார்கள்.

படிக்க வந்து, படிப்பு முடித்து, வேலை அனுபவத்தைக் காட்டி நிரந்தர வதிவிடம் (பி.ஆர்.) எடுக்க நினைக்கும் பிள்ளைகள் இதைக் கட்டாயம் கவனியுங்கள். கனேடிய அனுபவப் பிரிவில் சுயதொழில் அனுபவம் பொதுவாகக் கணக்கில் எடுக்கப்படாது. ஒரு வருடம் இன்வொய்ஸ் கொடுத்து வேலை செய்துவிட்டு, விண்ணப்பம் போடும் நேரத்தில் அந்த வருடம் செல்லாது என்று தெரிந்தால் வேர்க் பேர்மிட் முடியும் திகதி பக்கத்தில் நிற்கும்.

மூன்றாவது ஒன்று இருக்கிறது, சொல்லாமல் போக முடியாது. ரி4 தருகிறேன், வரியும் கட்டுகிறேன், ஆனால் அந்தக் காசை நீ எனக்குக் கையில் திருப்பித் தா என்பது. பேர்மிட்டுக்காகவும் பி.ஆர்.க்காகவும் இதற்குச் சம்மதித்தவர்கள் உண்டு. இந்தக் கட்டுரையில் நான் முதலில் சொன்ன பாதுகாப்பு அவர்களுக்கு உதவாது. உண்மையில் பிடித்த காசுக்குத்தான் வரவு, காகிதத்தில் மட்டும் பிடித்ததற்கு இல்லை. விசாரணை வந்தால் இருவரும் சேர்ந்து செய்த பொய் என்றுதான் பார்ப்பார்கள்.

எங்கே முறையிடுவது

கட்டாமல் விடுகிறார் என்று பலமான சந்தேகம் இருந்தால் சி.ஆர்.ஏ.யின் லீட்ஸ் என்ற பகுதிக்கு இணையத்திலோ போனிலோ தகவல் கொடுக்கலாம். பெயர் சொல்லத் தேவையில்லை. என்ன செய்தார்கள் என்று உங்களுக்குத் திரும்பிச் சொல்லவும் மாட்டார்கள். உங்கள் சொந்தக் கணக்கு இதனால் சரியாகாது, அதற்கு மேலே சொன்ன வழிதான்.

சம்பளமே பாக்கி, சீட்டுத் தரவில்லை, காரணமில்லாமல் காசு வெட்டினார் என்றால் ஒன்ராறியோவில் தொழில் அமைச்சுக்கு. இரண்டு வருடத்துக்குள் முறையிடவேண்டும். முறைப்பாடு செய்ததற்காக வேலையால் நிற்பாட்டுவதும் மணித்தியாலம் குறைப்பதும் சட்டவிரோதம். அப்படி நடக்காது என்று சொல்லவில்லை, நடந்தால் அதற்கும் முறையிடலாம். வரியும் சி.பி.பி.யும் இவர்களுடைய வேலை இல்லை. அங்கே போய் வரியைப் பற்றிக் கேட்டால் சி.ஆர்.ஏ.க்குப் போகச் சொல்வார்கள், சி.ஆர்.ஏ.யில் சம்பளப் பாக்கியைப் பற்றிக் கேட்டால் இங்கே அனுப்புவார்கள். ரொறன்ரோவில் வேர்க்கர்ஸ் அக்ஷன் சென்ரரும், சவுத் ஏசியன் லீகல் கிளினிக்கும் இந்த விசயங்களில் பழகியவர்கள். உங்கள் பகுதியில் சட்ட உதவி நிலையம் இருந்தால் அங்கேயும் போகலாம்.

வேலை நின்றுவிட்டால் ஆர்.ஓ.ஈ. என்ற வேலைப் பதிவுப் பத்திரத்துக்காகக் காத்திருக்காமல் ஈ.ஐ.க்கு விண்ணப்பியுங்கள். கடைசி வேலை நாளிலிருந்து நான்கு கிழமைக்கு மேல் பிந்தினால் காசு குறையலாம். முதலாளி பத்திரம் தராவிட்டால் சம்பளச் சீட்டைக் காட்டினால் சேவிஸ் கனடா அவரைத் தேடும். அவர் ஈ.ஐ. கட்டவில்லை என்பதற்காக உங்கள் மணித்தியாலம் இல்லாமல் போகாது.

ஒரே முதலாளியிடம் மட்டும் வேலை செய்யலாம் என்ற பேர்மிட்டில் இருப்பவர்களுக்குத்தான் உண்மையான பயம். வாயைத் திறந்தால் வேலையும் போகும், நாட்டில் இருக்கும் உரிமையும் போகும் என்று. சம்பளத்தைப் பிடித்து வைத்து மிரட்டுவது, காசைத் திருப்பிக் கேட்பது போன்ற துன்புறுத்தல் நடந்தால், 2019 ஜூனிலிருந்து அப்படிப்பட்டவர்களுக்கென ஒரு திறந்த வேர்க் பேர்மிட் இருக்கிறது. அதை எடுத்தால் வேறு இடத்தில் வேலை செய்யலாம். விண்ணப்பக் கட்டணம் இல்லை. வேலையை விடுவதற்கு முன்னரே ஒரு சட்ட உதவி நிலையத்தில் கதைத்துவிட்டு இதைச் செய்யுங்கள்.

என் கதைக்கு வருகிறேன். என்னிடம் சீட்டுகள் இருந்ததற்குக் காரணம் என் கெட்டித்தனம் இல்லை. வாடகைக்கு இருந்த வீட்டுக்கார அம்மா, "காகிதம் ஒண்டையும் எறியாத தம்பி, இந்த நாடு காகிதத்திலதான் ஓடுது" என்று ஒரு சப்பாத்துப் பெட்டியைத் தந்திருந்தார். இருபத்து நாலு சம்பளத்தில் இருபத்தொரு சீட்டு அதில் இருந்தது. மூன்று இல்லை. பாங்கில் போய் அந்த மூன்று சம்பளமும் விழுந்த பக்கங்களை அச்செடுத்தேன். ஏப்ரல் கடைசியில் கணக்குக் கொடுத்தேன். ஓகஸ்டில் சி.ஆர்.ஏ.யிலிருந்து கடிதம், பெட்டி 22க்குச் சான்று கேட்டு, பதில் தர முப்பது நாள். எல்லாவற்றையும் கொப்பி எடுத்து, பதிவுத் தபாலில் அனுப்பினேன். ஐப்பசி மழை தொடங்கும் நேரம், இங்கே இலை கொட்டி முடியும் நேரம், புதிய மதிப்பீட்டு அறிவித்தல் வந்தது. பிடித்த வரி முழுதும் வரவு வைக்கப்பட்டு, 412 டொலர் எனக்குத் திரும்பி வந்தது. முதலாளிக்கு என்ன நடந்தது என்று அவர்கள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அந்தச் சப்பாத்துப் பெட்டி இன்னும் அலுமாரியின் மேல் தட்டில் இருக்கிறது. ஆறு வருடம் முடிந்த சீட்டுகளை மட்டும் ஒவ்வொரு ஜனவரியும் எடுத்து வெட்டிப்போடுகிறேன், சின் நம்பர் இருக்கிற பக்கத்தைக் கொஞ்சம் சின்னத் துண்டாக.